பழைய பிளான்டர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியை மூடிவிட்டு அடியில் பாருங்கள்

பிளான்டர் என்பது டிராக்டர் பின்னால் மாட்டி, விதையை எண்ணி வரிசையாக ஊன்றும் இயந்திரம். பழைய பிளான்டர் பார்க்கப் போகிறவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான்: விதைப் பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போதெல்லாம் பெட்டிப் பக்கம் கடைசியில்தான் போகிறேன். முதல் வேலை, மண்டியிட்டு அடியில் பார்ப்பது. விதையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி விடும் மீட்டர் கெட்டிருந்தால், கழற்றி மேசைமேல் வைத்து, வெளியே மழை பெய்யும் ஒரு நாளில் சரி செய்துவிடலாம். மண்ணைக் கீறி, ஆழம் பிடித்து, விதையின் மேல் மண்ணை மூடும் அடிப்பாகம் தேய்ந்திருந்தால் கதை வேறு. ஒரு வரிசைக்கு ஆகும் செலவை வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால், வாங்கிய விலையைவிடப் பழுது பார்க்கும் விலை கூடிவிடும்.

ஆனால் சந்தையில் பேச்செல்லாம் மீட்டரைப் பற்றித்தான். தட்டு நல்லதா, விரல் நல்லதா, காற்று நல்லதா என்று ஆளாளுக்கு ஒரு கட்சி. சரி, நாமும் அதிலிருந்தே தொடங்குவோம். ஐந்து முதல் இருபது ஹெக்டேர் வரை மக்காச்சோளம், சோயா, சூரியகாந்தி, சோளம் மாதிரியான வரிசைப் பயிர் வைப்பவர், கையில் ஒன்றோ இரண்டோ டிராக்டர் வைத்திருப்பவர், முப்பது முதல் எழுபது வயதுள்ள ஒரு பிளான்டரை வாங்கி ஓட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். காட்சிக்கு நிறுத்த வாங்குபவர்களுக்கு இது உதவாது. 1853-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பிரவுன் மக்காச்சோள பிளான்டருக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து, முடிச்சுப் போட்ட கம்பியை வயலின் குறுக்கே இழுத்துக் கட்டி, குறுக்கும் நெடுக்குமாகச் சதுரம் சதுரமாக விதைத்த காலம் வரை எத்தனையோ அழகான இயந்திரங்கள் வந்து போயிருக்கின்றன. அவற்றை ரசிக்கலாம், அவற்றை நம்பி பருவத்தை ஒப்படைக்க முடியாது.

இன்னொன்று. விதைப்பானும் பிளான்டரும் ஒன்றல்ல. கோதுமைக்கான விதைப்பான் விதையை ஒழுகவிடும். சராசரி சரியாக இருந்தால் போதும். பிளான்டர் எண்ணி விடும். மக்காச்சோளத்துக்கு இந்த எண்ணிக்கைதான் முக்கியம். இரண்டு விதை ஒரே இடத்தில் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும். ஒரு விதை விடுபட்டால் அந்த இடத்தைப் பக்கத்துச் செடி முழுதாக ஈடுகட்டாது. சோயா அப்படியில்லை, கிளைத்துப் படர்ந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். ஆக, உங்கள் நிலத்தில் மக்காச்சோளம் எவ்வளவு பங்கு என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

தட்டு வகை

1950, 60-களின் இயந்திரங்கள் பெரும்பாலும் இதுதான். ஜான் டீர் நிறுவனத்தின் 494, 494ஏ, பிறகு வந்த 1240, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 56 வரிசை எல்லாம் இந்தக் குடும்பம். பெட்டியின் அடியில் ஒரு வட்டத் தட்டு படுக்கை வாக்கில் சுற்றும். தட்டின் விளிம்பில் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு விதை உட்கார வேண்டும். மேலே கூடுதலாகத் தொற்றியிருப்பதை ஸ்பிரிங் வைத்த ஒரு நாக்கு வழித்துவிடும்; துளைக்கு மேல் வந்ததும் இன்னொரு சிறு உருளை விதையைக் கீழே தட்டிவிடும். அவ்வளவுதான் இயந்திரம். ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனரும் இருந்தால் பிரித்து மாட்டிவிடலாம். காற்றாடி கிடையாது, ஹைட்ராலிக் கேட்காது, சின்ன டிராக்டரே இழுத்துவிடும்.

சிக்கல் விதையில் இருக்கிறது. குழியின் நீள அகலமும் தட்டின் கனமும் விதைக்குப் பொருந்த வேண்டும். தட்டை விதை, உருண்டை விதை, சிறியது, பெரியது என்று சலித்துத் தரம் பிரித்த விதைக்காக உருவான முறை இது. அந்தக் காலத்தில் விதை மூட்டையிலேயே எந்தத் தட்டு போட வேண்டும் என்று எழுதியிருக்கும். இன்று விற்கும் விதையில் பெரும்பகுதி அந்த அக்கறையோடு சலிக்கப்படுவதில்லை. ஆகவே தட்டு பிளான்டர் வாங்குபவர் ஒரு கட்டு தட்டுகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். இயந்திரம் மலிவாகக் கிடைத்து, தட்டு ஒன்றுகூட இல்லாமல் வந்தால், அது யானையை வாங்கிவிட்டு அங்குசத்தைத் தேடி அலையும் கதை. சோதிப்பது சுலபம்: தட்டைத் தரையில் வைத்து, உங்கள் விதையில் ஒரு கைப்பிடி மேலே போட்டு விரலால் பரப்புங்கள். குழிக்கு ஒன்று அமர வேண்டும், அமர்ந்த விதை தட்டின் மட்டத்துக்கு மேலே துருத்தக் கூடாது, இரண்டாவது விதைக்கு இடம் இருக்கக் கூடாது. ஐந்து நிமிட வேலை.

இந்தக் குறையே சிலருக்கு நிறையாகவும் மாறும். ஒரு பெட்டியில் பட்டாணி, அடுத்ததில் இனிப்புச் சோளம், அதற்கடுத்ததில் பீன்ஸ் என்று பல சரக்கு விதைப்பவருக்குத் தட்டு யூனிட் (ஒரு வரிசைக்கான பெட்டியும் மீட்டரும் அடிப்பாகமும் சேர்ந்த தொகுதி) மாதிரி ஒத்துழைக்கும் கருவி வேறில்லை. குழியில்லாத வெறும் தட்டு வாங்கி, தன் விதைக்கு ஏற்றபடி டிரில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஜான் டீரின் 71 என்ற தனி யூனிட் இதற்குப் பேர்போனது. ஒவ்வொரு யூனிட்டும் தன்னளவில் முழுமை. யூனிட்களைத் தாங்கும் குறுக்கு இரும்பான கட்டை எதுவானாலும், எந்த இடைவெளியில் வேண்டுமானாலும் மாட்டலாம். இரண்டு யூனிட் வைத்துத் தொடங்கி நான்காக்கிக்கொள்ளலாம். காய்கறிக்காரர்கள் இதை விற்க மனம் வராமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

வேகம் மட்டும் கேட்காதீர்கள். மணிக்கு ஆறு கிலோமீட்டரைத் தாண்டினால் குழிகள் நிரம்பாமலே ஓடும்.

விரல் வகை

1974-இல் ஜான் டீர் 7000 என்ற மாடலைக் கொண்டுவந்தது. அதிலிருந்த மீட்டர்தான் விரல் மீட்டர். தட்டுக்குப் பதிலாகச் செங்குத்தாகச் சுற்றும் ஒரு சக்கரம். அதில் ஸ்பிரிங் வைத்த பன்னிரண்டு விரல்கள். விதைக் குவியலுக்குள் நுழையும்போது விரல் திறக்கும், வெளியே வரும்போது ஒரு விதையைப் பிடித்துக்கொண்டு மூடும். மேலே ஏறும் வழியில் ஒரு பிரஷ்ஷும் சில மேடுபள்ளங்களும் கூடுதல் விதையை உலுக்கிக் கீழே தள்ளும். உச்சியில் ஒரு துளை வழியாக விதை பின்பக்கம் போய், தடுப்பு வைத்த ஒரு சின்ன ரப்பர் பெல்ட்டில் விழும். பெல்ட் அதைக் கொண்டுபோய் விதைக்குழாயில் போடும். கையில் எடுத்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தால், கோழி ஒவ்வொரு மணியாகக் கொத்துவது மாதிரியே இருக்கும்.

இதில் விதையின் அளவு தட்டில் இருக்கும் அளவுக்குப் படுத்தாது. தரம் பிரிக்காத மக்காச்சோளமும் ஓரளவு நன்றாகவே போகும். பெரிய தட்டை விதை ஓடும் அழகு சின்ன உருண்டை விதையில் இருக்காது, அங்கே இரட்டை விழும். மணிக்கு ஏழு, ஏழரை கிலோமீட்டரில் நிம்மதியாக வேலை செய்யும். விதை நழுவ கொஞ்சம் கிராஃபைட் பொடி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அதன் கோரிக்கை.

சோயாவுக்கு விரல் உதவாது. மீட்டரைக் கழற்றிவிட்டு கிண்ண வகையை மாட்ட வேண்டும், அது எண்ணாமல் அள்ளி விடும். முன்பே சொன்னபடி சோயாவுக்கு அது போதும். போதாது என்பவர்களுக்கு கின்ஸி நிறுவனத்தின் பிரஷ் மீட்டர் இருக்கிறது. அதுவும் இதே யூனிட்டில் உட்காரும். கின்ஸி தன் கட்டைகளில் முதலில் ஜான் டீர் யூனிட்களையே மாட்டி விற்றது, பிறகு 1980-களில் அதே அமைப்பில் சொந்தமாகத் தயாரித்தது. அதனால் பச்சையின் (ஜான் டீர்) உதிரி நீலத்துக்கும் (கின்ஸி) நீலத்தின் உதிரி பச்சைக்கும் பெரும்பாலும் பொருந்தும். இந்த ஒரு காரணத்துக்காகவே விரல் வகையை முதலிடத்தில் வைப்பேன். ஐம்பது ஆண்டு ஆன இயந்திரத்துக்கு விரல், ஸ்பிரிங், பெல்ட், பிரஷ், டிஸ்க், புஷ் என்று எதைக் கேட்டாலும் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது.

காற்று வகை

காற்று என்றால் ஒரே வகை என்று நினைக்கிறார்கள். இல்லை, தள்ளும் காற்றும் உண்டு, இழுக்கும் காற்றும் உண்டு.

தள்ளும் காற்றில் பெரியவர் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் சைக்ளோ, 1970-களின் தொடக்கத்தில் வந்தது. நடுவில் ஒரே ஒரு பெரிய டிரம். உள்ளே காற்றழுத்தம். டிரம்மின் துளைகளில் விதை ஒட்டிக்கொண்டு மேலே ஏறும், உச்சியில் வெளிப்புறமாக உருளும் ரப்பர் சக்கரங்கள் துளையை அடைத்ததும் பிடி விட்டு விழும். அங்கிருந்து காற்று நீளமான குழாய் வழியே ஒவ்வொரு வரிசைக்கும் அதை ஊதி அனுப்பும். நான்கு பெட்டி நிரப்பும் வேலை ஒரே பெட்டியில் முடிந்துவிடும். முதுகுக்கு நல்லது.

சிறு விவசாயிக்கு இதில் இரண்டு இடைஞ்சல். எல்லா வரிசைக்கும் ஒரே டிரம் என்பதால் இரண்டு வரிசை ஒரு ரகம், இரண்டு வரிசை இன்னொரு ரகம் என்று போட வழியில்லை. இரண்டாவது, மூச்சு நின்றால் எல்லாம் நின்றது. வரப்பு ஓரம் திரும்பும்போது டிராக்டரின் ஓட்டத்தைக் குறைத்தீர்கள், காற்றாடி தளர்ந்தது என்றால், டிரம்மில் ஒட்டியிருந்த விதையெல்லாம் கொத்தாகக் கீழே விழுந்துவிடும். திரும்ப அழுத்தம் ஏறி, டிரம் நிரம்பி, குழாய் வழியே விதை வந்து சேரும்வரை எல்லா வரிசையும் வெறுமை. பழகியவர் கை இதைத் தவறவிடாது. எப்போதாவது ஓட்டுகிறவர் முதல் நாள் தவறவிடுவார்.

சைக்ளோவைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். அதன் பிற்கால மாடல்களில் வந்த ஏர்லி ரைசர் என்ற அடிப்பாகம் அருமையானது. இரண்டு டிஸ்க்கில் ஒன்று சற்று முன்னால் நின்று மண்ணை வெட்டும், மற்றது பின்தொடரும்; கடினமான மண்ணிலும், அறுத்த பயிரின் காய்ந்த தட்டை மூடிக் கிடக்கும் நிலத்திலும் சுலபமாக இறங்கும். மீட்டருக்காக வேண்டாம் என்று ஒதுக்கும் ஒரு பிளான்டரை, அடிப்பாகத்துக்காகத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

ஒயிட் 5100-ம் தள்ளும் காற்றுதான், ஆனால் வரிசைக்கு ஒரு டிஸ்க் வைத்தது. நன்றாக எண்ணும். டிஸ்க்குகள் முழுதாக இருந்தால் வாங்கலாம். உடைந்திருந்தால் தேடி அலைய வேண்டிவரும்.

இழுக்கும் காற்று என்பது வெற்றிட வகை. ஓட்டை போட்ட தட்டின் ஒரு பக்கம் உறிஞ்சினால் மறுபக்கம் விதை ஒட்டிக்கொள்ளும். பிரான்சின் மொனோசெம், இத்தாலியின் கஸ்பார்டோ இந்த வழியில் பேர் வாங்கியவை. ஜான் டீர் 1980-களின் நடுவில் மேக்ஸ்எமர்ஜ் 2 வரிசையோடு வெற்றிட மீட்டரை முன்னிறுத்தியது. விதையின் வடிவம் இதற்கு ஒரு பொருட்டே அல்ல. டிஸ்க்கை மாற்றினால் சூரியகாந்தி, இன்னொன்றை மாற்றினால் பருத்தி, சோளம், பீட்ரூட். துல்லியத்தில் மற்ற இரண்டையும் முந்தும். பதிலுக்கு அது கேட்பது: சுழலும் காற்றாடி, அதை ஓட்ட நிமிடத்துக்கு 540 சுற்றில் பி.டி.ஓ. (டிராக்டரின் பின்பக்கச் சுழல்தண்டு) அல்லது போதுமான ஹைட்ராலிக் ஓட்டம், ஓட்டை இல்லாத குழாய்கள், தேயாத ரப்பர் சீல். முப்பது வருடம் வெயிலில் நின்ற பிளான்டரில் கடைசி இரண்டும் இருக்காது என்று வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.

இனி அடியில்

மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். பிளான்டருக்கும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. ஒரு டேப், விளக்கு, இரண்டு துண்டு கெட்டி அட்டை, பழைய ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போனால் போதும்.

முதலில் சால் கீறும் அமைப்பு என்ன வகை என்று பாருங்கள். மிகப் பழைய தட்டு பிளான்டர்களில் படகின் அடிபோல வளைந்த ஓர் இரும்புக் கொழு மண்ணைப் பிளந்துகொண்டு போகும். பதமாக உழுது பொடியாக்கிய நிலத்தில் அது அழகாக வேலை செய்யும். அடி மண்ணை அழுத்தி, விதைக்கு ஈரமான படுக்கை போட்டுக்கொடுக்கும். தட்டையும் வேரும் கிடக்கும் நிலத்தில் குப்பையை வாரிக்கொண்டு போய் வயல் நடுவே குவிக்கும். பின்னால் வந்தது இரட்டை டிஸ்க், வெட்டிக்கொண்டு உருளும். உழாத நிலத்தில் விதைப்பதானால் அதற்கும் முன்னால் அலையலையான ஒரு வெட்டு டிஸ்க் வேண்டும். 1966-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் கொண்டுவந்த உழவில்லா பிளான்டர் இந்த யோசனையோடுதான் வந்தது.

அடுத்தது ஆழம். எனக்கு இதுதான் பழையதற்கும் நடுத்தரப் பழையதற்கும் நடுவே உள்ள உண்மையான கோடு. பழைய தட்டு பிளான்டர்களில் ஆழத்தைப் பிடிப்பது பின்னால் வரும் அழுத்து சக்கரம். அந்தச் சக்கரம் ஒரு மண் கட்டியில் ஏறினால், முன்னால் இருக்கும் கொழுவும் தூக்கப்படும்; அந்த இடத்தில் விதை மேலாக விழும். 7000 வகையில் ஆழச் சக்கரங்கள் விதை விழும் இடத்துக்கு இருபுறமும், டிஸ்க்கை ஒட்டியே உருளுகின்றன. விதை விழும் புள்ளியில்தான் ஆழம் பிடிக்கப்படுகிறது. மேலேயுள்ள ஒரு கைப்பிடியை ஒவ்வொரு துளையாக நகர்த்தி ஆழத்தை வைக்கலாம். எல்லா விதையும் ஒரே நாளில் தலை காட்டுவதற்கு, மீட்டரின் துல்லியத்தைவிட இது முக்கியம் என்று அனுபவத்தில் சொல்வேன். நான்கு நாள் தாமதமாக முளைத்த மக்காச்சோளம் அண்டைச் செடியின் நிழலிலேயே வளர்ந்து, கதிர் பிடிக்காமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இப்போது டேப்பை எடுங்கள். 7000 வகையில் சால் கீறும் டிஸ்க்கின் விட்டம் புதிதில் பதின்மூன்றரை அங்குலம். பதின்மூன்றுக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. வெறும் அரை அங்குலம்தான் தேய்மானத்துக்கு உண்டு என்பது பலருக்கு அதிர்ச்சி. அளந்த பிறகு அட்டை. இரண்டு டிஸ்க்கும் முன்புறம் கீழே ஓரிடத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஓர் அட்டையை முன்பக்கமிருந்தும் இன்னொன்றைப் பின்பக்கமிருந்தும் தொடும் இடம்வரை நழுவ விடுங்கள். இரண்டு அட்டைக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இருந்தால் சரி. அட்டை தடையில்லாமல் மறுபக்கம் வந்துவிட்டால் டிஸ்க்குகள் தொடவே இல்லை. அப்படிப்பட்ட டிஸ்க்குகள் ‘வி’ வடிவச் சால் போடாமல், நடுவில் ஒரு மண் மேட்டை விட்டுவிட்டு இரட்டைச் சால் போடும்; விதை அந்த மேட்டின் மேல் உட்காரும். பின்னாலிருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையத்தை மாற்றிப் போட்டு டிஸ்க்குகளை நெருக்கலாம். டிஸ்க் தேய்ந்து சிறுத்துவிட்டால் ஷிம்மும் கைகொடுக்காது.

டிஸ்க்குகளுக்கு நடுவே விளக்கடித்துப் பாருங்கள். விதைக்குழாயின் நுனி தெரியும். அதைக் காக்கும் சின்ன இரும்புத் தகடு தேய்ந்துபோனால் டிஸ்க் குழாயைச் சுரண்டும். நுனி பிசிறடித்த குழாயில் விதை பட்டுத் துள்ளும். மேலே எவ்வளவு நேர்த்தியாக எண்ணினாலும் கீழே ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக விழும். குழாய் மாற்றுவது சின்ன செலவுதான். ஆனால் காரணம் தெரியாமல் மீட்டரைக் குறை சொல்லிக்கொண்டு இரண்டு பருவம் ஓட்டியவர்கள் உண்டு.

பிறகு ஆட்டம். யூனிட்டின் பின்பகுதியைக் கையால் பிடித்து இடமும் வலமும் உலுக்குங்கள். கட்டையோடு இணைக்கும் நான்கு கைகளின் புஷ் தேய்ந்திருந்தால் தொட்டிலாட்டம் ஆடும். ஆழச் சக்கரத்தை வெளிப்பக்கம் இழுங்கள். அது டிஸ்க்கை லேசாக உரசிக்கொண்டு, கையால் சுற்றினால் சிறு தடையோடு சுற்ற வேண்டும். விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் அதற்குள் காய்ந்த மண் கொட்டி, விதை விழும் முன்பே சால் பாதி நிரம்பிவிடும். கடைசியில் மூடும் சக்கரங்கள். கொஞ்சம் கெட்டியான தரையில் பத்தடி இழுக்கச் சொல்லுங்கள். டிஸ்க் போட்ட கோடு, இரண்டு மூடும் சக்கரங்களின் தடத்துக்குச் சரியாக நடுவில் ஓட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எங்கோ ஒரு கை வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

உரப் பெட்டிதான் பெரிய எமன். விதைக்கு இரண்டங்குலம் பக்கவாட்டில், இரண்டங்குலம் ஆழத்தில் உரம் வைப்பது நல்ல ஏற்பாடு; ஆனால் பருவம் முடிந்து கழுவாமல் நிறுத்திய பெட்டியில் உரத்தின் உப்பு இரும்பைத் தின்னும். ஸ்க்ரூடிரைவரால் பெட்டியின் அடியைக் குத்திப் பாருங்கள். பெட்டி போனால் போகட்டும், அது ஒழுகி விழுந்த கட்டையும் செயினும் பேரிங்கும் என்ன கதியில் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் முக்கியம்.

ஒரே வாரத்தில் இரண்டு பிளான்டர்களைப் பார்த்தேன், இரண்டும் நான்கு வரிசை. முதலாவது மணப்பெண் மாதிரி இருந்தது. புதுச் சாயம், பெட்டிக்குப் புது மூடி, டயரில் கறுப்புப் பளபளப்பு. மண்டியிட்டேன். சாயம் டிஸ்க்கின் பேரிங் மூடிமேலும் மண்ணோடு சேர்த்தே அடிக்கப்பட்டிருந்தது. அட்டை தங்குதடையின்றி மறுபக்கம் வந்தது. டிஸ்க் பன்னிரண்டே முக்கால் அங்குலம். இரண்டாவது கொட்டகையின் மூலையில், ஒரு பெட்டிக்குள் எலிக்கூடும் விதைக்குழாயில் குளவிக்கூடுமாகக் கிடந்தது. செயின் துருவேறி விறைத்துக் கம்பியாக நின்றது. டிஸ்க் பதின்மூன்றேகால். கைகளில் ஆட்டம் இல்லை. ஆழச் சக்கரம் உரசிக்கொண்டு நின்றது. அதைத்தான் வாங்கினேன். செயினை டீசலில் இரண்டு நாள் ஊறப்போட்டு, முடியாததை மாற்றினேன்.

அதிலும் ஒரு தப்பு நடந்தது, என் தப்புதான். நான்கு மீட்டரில் மூன்றைத்தான் பிரித்துப் பார்த்தேன். மூன்றும் நன்றாக இருந்ததால் நான்காவதை நம்பிவிட்டேன். அதன் பெல்ட் காய்ந்து விறைத்து, ஓரிடத்தில் தடுப்புகள் கழன்றிருந்தன. பெட்டியில் விதை இறங்குகிறது, சக்கரம் சுற்றுகிறது, எல்லாம் சரியாகவே தெரிந்தது. பயிர் முளைத்த பிறகுதான், நான்கு வரிசைக்கு ஒரு வரிசை பொக்கை வாய் மாதிரி விட்டு விட்டுச் சிரித்தது. சாலையில் போகிற எல்லோருக்கும் தெரியும்படி, அறுவடை வரைக்கும்.

எத்தனை வரிசை, என்ன இடைவெளி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், கணக்கு எளிது. 75 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு வரிசை என்றால் மூன்று மீட்டர் அகலம். மணிக்கு ஏழு கிலோமீட்டர் ஓடினால் காகிதத்தில் மணிக்கு 2.1 ஹெக்டேர். திரும்புவது, விதை நிரப்புவது, அடைப்பு எடுப்பது போக மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக, 1.3 ஹெக்டேர் தேறும். பத்து ஹெக்டேர் ஒரு நாள் வேலை. இரண்டு வரிசையில் அதுவே இரண்டு நாள் இழுக்கும். ஆறு வரிசைக்கு ஆசைப்படுவதற்கு முன் உங்கள் டிராக்டர் அதைத் தூக்குமா, வாசல் வழியே நுழையுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு வரிசை மலிவாகக் கிடைப்பதும், யாருக்கும் வேண்டாதது என்பதால்தான். அதை வாங்கி நான்காக்கி, மிச்ச இரண்டு யூனிட்டை உதிரிக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இடைவெளியில்தான் மிகப் பழைய இயந்திரங்கள் மாட்டிவிடும். அந்தக் காலத்து வரிசைகள் நாற்பது அங்குலத்தை ஒட்டியவை. இரண்டு வரிசைக்கு நடுவே களையெடுக்க ஒரு குதிரை நடக்க வேண்டுமே! குதிரை போன பிறகும் அளவு நெடுநாள் நின்றது. அந்தச் சட்டங்களை முப்பது அங்குலத்துக்குக் குறுக்குவது எல்லாவற்றிலும் நடக்காது. யூனிட்கள் ஒன்றையொன்று இடிக்கும், டயர் குறுக்கே நிற்கும். உங்கள் களையெடுப்புக் கருவி, டிராக்டர் சக்கரத் தடம், அறுவடை இயந்திரம் மூன்றும் பிளான்டரோடு ஒத்துப்போக வேண்டும். நான்கு வரிசை விதைத்ததை இரண்டு வரிசையாக அறுக்கலாம், நான்காகவும் அறுக்கலாம். மூன்றாக அறுக்கப் போனால், ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் சந்திக்கும் இடத்தில் இடைவெளி ஒரு கை முன்னே பின்னே இருக்கும். அங்கே கதிர் தரைக்குப் போகும்.

யாருக்கு எது

மக்காச்சோளமும் சோயாவும்தான் பிரதானம் என்றால் நான்கு வரிசை விரல் வகை, 7000 குடும்பம். கண்ணை மூடிக்கொண்டு என்று சொல்ல மாட்டேன், மேலே சொன்ன அட்டைச் சோதனையோடு. கையில் ஒரே வருடம் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால், அதைப் புது டிஸ்க்கிலும் புஷ்ஷிலும் போடுங்கள். மீட்டரை அடுத்த வருடம் பார்க்கலாம். வசதிப்பட்டால் கீட்டன் விதை அழுத்தி என்ற பிளாஸ்டிக் வாலையும் மாட்டிக்கொள்ளலாம், விதையைச் சாலின் அடியோடு தடவி உட்கார வைக்கும்.

நான்கைந்து வகைப் பயிரைத் துண்டு துண்டாக வைப்பவர், உழுது பொடியாக்கிய நிலம், சின்ன டிராக்டர் என்றால் தட்டு யூனிட். அதிலும் தனித்தனி யூனிட்டாகப் பிரிபடுவதை எடுங்கள், தட்டுகளை எண்ணி வாங்குங்கள். நாற்பது அங்குலச் சட்டத்தோடு முழுசாக வருவதைத் தவிருங்கள்.

சூரியகாந்தி, பருத்தி, பீட்ரூட் மாதிரி விதையும் விலையும் வேறான பயிர்கள் பெரும்பங்கு என்றால், சிறிய வெற்றிட பிளான்டர், அதுவும் டிராக்டரில் தூக்கி மாட்டும் வகை. சீலுக்கும் குழாய்க்கும் தனியே பணம் ஒதுக்கிவிட்டுப் போங்கள். சைக்ளோ, அதை ஏற்கெனவே ஓட்டிப் பழகியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். அவர் இருந்தால் நல்ல சரக்கு மலிவாகக் கிடைக்கும், ஏனென்றால் மற்றவர்கள் அதைக் கண்டு பயப்படுகிறார்கள்.

வாங்கி வந்த பிறகு

விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே எண்ணிப் பாருங்கள். ஹெக்டேருக்கு 75,000 விதை, 75 சென்டிமீட்டர் வரிசை என்றால், ஒரு மீட்டர் சாலுக்கு ஐந்தரைக்குச் சற்று மேல், அதாவது விதைக்கு விதை பதினெட்டு சென்டிமீட்டர். பிளான்டரை வயலில் இறக்கி, மீட்டர்களைச் சுற்றவைக்கும் ஓட்டுச் சக்கரத்தில் சுண்ணாம்புக் குறி போட்டு, பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். தூக்கி வைத்துச் சுற்றளவை அளந்தால் கணக்கு தப்பும், பாரம் ஏறிய டயர் அமுங்கும். டயரில் காற்று கூடக் குறைய இருந்தாலே விதை எண்ணிக்கை மாறும். எல்லா டயரிலும் ஒரே அளவு வையுங்கள். பத்துச் சுற்று 22 மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பிளான்டரைத் தூக்கி முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு டப்பா வைத்து, சக்கரத்தைக் கையால் நிதானமாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள். டப்பாவுக்கு 124 விதை விழ வேண்டும். மூன்று டப்பாவில் 120-க்கு மேலும் ஒன்றில் 90-ம் விழுந்தால், அந்த மீட்டரைத்தான் பிரிக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி குறைந்தால் செயின் ஓடும் பல்சக்கரத்தை, அதாவது ஸ்ப்ராக்கெட்டை, மாற்றுங்கள். பூச்சிமருந்து தடவிய விதை என்றால் கையுறை போட்டுக்கொண்டு எண்ணுங்கள்.

முதல் நாள் வயலில் ஐம்பது மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, மூடிய மண்ணைக் கத்தியால் மெதுவாக விலக்குங்கள். நான்கு வரிசையையும், ஒன்றுகூட விடாமல். ஆழத்தைக் குச்சியால் அளந்து, விதை ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுங்கள். நான் நான்காவது வரிசையில்தான் முதலில் தோண்டுகிறேன்.